பேய் உலா இருக்கிறது, அருங்காட்சியகம் எங்கே? சார்ல்ஸ்டன் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட் நகரிலிருந்து ஆண்டுதோறும் தமிழ்க் குடும்பங்களைத் தென் கரோலினாவின் துறைமுக நகரான சார்ல்ஸ்டனுக்கு அழைத்துச் செல்லும் பயணக் குழுவினருக்கு,

இந்த ஆண்டுக்கான நிகழ்ச்சி நிரலை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். சனிக்கிழமை பிற்பகலில் வழக்கமாக இருக்கும் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இல்லை. சால்மர்ஸ் தெருவில் உள்ள பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகமும் இல்லை. அந்த நேரத்துக்கு, "ஓக் மரச் சாலையில் குடும்பப் புகைப்படம். பட்டுப்புடவை, வேட்டி இருந்தால் நல்லது" என்று போட்டிருக்கிறீர்கள். இரவு பேய் உலா மட்டும் இம்மி பிசகாமல் அப்படியே இருக்கிறது.

ஏன் இந்த மாற்றம் என்று ஒருவர் கேட்டார். "விடுமுறைக்கு வருகிறவர்களை அழவைத்து அனுப்ப வேண்டாம் என்று நினைத்தோம். குழந்தைகளும் வருகிறார்கள். நமக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமும் இல்லை" என்று பதில் போட்டீர்கள். கீழே வரிசையாகக் கட்டைவிரல் உயர்ந்தது. என்னால் உயர்த்த முடியவில்லை. குழுவுக்குள் எழுதினால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

போன ஆண்டுப் பயணத்தில் நானும் இருந்தேன், அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு. அன்றைய இரவை என் அம்மா மன்னார்குடியில் இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நீங்கள் ஏற்பாடு செய்த இரவு இல்லை என்பதுதான் என் புகாரின் தொடக்கம்.

மாலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. கூப்பர் ஆற்றங்கரைப் பூங்காவில் அன்னாசிப்பழ வடிவ நீரூற்றில் பிள்ளைகள் தொப்பலாக நனைந்தார்கள். ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக நிற்கும் வண்ண வீடுகளின் முன்னால் ஆளாளுக்குப் படம் எடுத்தோம். இருட்டியதும் வீட்டு வாசல்களில் எரிவாயு விளக்குகளின் சுடர் தெரிந்தது. மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில், செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்துக்குக் கீழே மொத்தக் குழுவையும் நிறுத்தி ஒரு படம். அந்தக் கோபுர மணிகள் 1764இல் லண்டனில் வார்க்கப்பட்டவை என்று வழிகாட்டி சொன்னார். அதோடு நகர்ந்துவிட்டார்.

அந்த மணிகள் இரவில் எதற்கு அடித்தன என்று அவர் சொல்லவில்லை. பருவத்தைப் பொறுத்து 9 அல்லது 10 மணிக்கு மணி அடிக்கும், அதே சந்திப்பில் இருந்த காவல் கட்டடத்தில் பறை முழங்கும். அதற்குப் பிறகு, எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தெருவில் நிற்கும் அடிமையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பகலிலும் அவர்களுக்கு அந்தத் தெருக்கள் சும்மா கிடைத்துவிடவில்லை. கூலிக்கு வெளியே அனுப்பப்படும் அடிமைகளுக்கு நகர நிர்வாகம் ஆண்டுதோறும் உலோக வில்லைகளை விற்றது. ஆண்டு, எண், செய்யும் வேலை, எல்லாம் அதில் பொறித்திருக்கும்: வேலைக்காரர், சுமை தூக்குபவர், மீனவர். ஐஸ்கிரீம் கையோடு நாம் இரவு முழுக்கச் சுற்றிய தெருக்கள் இவை. இதைச் சொல்ல வழிகாட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அப்புறம் பேய் உலா. மேகசின் தெருவில் இருக்கும் பழைய சிறைச்சாலைக்கு முன்னால் நிறுத்தினார்கள். 1802 முதல் 1939 வரை இயங்கிய சிறை அது. அங்கே சொல்லப்பட்டது லவீனியா ஃபிஷர் கதை. வழிப்போக்கர்களுக்குத் தேநீரில் விஷம் கொடுத்துக் கொன்றாள், திருமண உடையில் தூக்குமேடை ஏறினாள், இன்னும் அலைகிறாள். ஆவணம் சொல்வது சப்பென்று இருக்கும்: அவரும் கணவரும் வழிப்பறிக் குற்றத்துக்காக 1820 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார்கள், கொலைக்காக அல்ல. சரி, பேய்க்கதையில் கொஞ்சம் கண், மூக்கு வைப்பார்கள்தான். எனக்கும் பேய்க்கதை பிடிக்கும். புளியமரத்து முனி கதை கேட்டு வளர்ந்த ஆள் நான்.

ஆனால் அந்தச் சிறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் இருந்தது. 'வொர்க் ஹவுஸ்' என்று பெயர், 'சர்க்கரை வீடு' என்று பட்டப்பெயர். தன் கையால் அடிக்க விரும்பாத எஜமானர்கள் அடிமைகளை அங்கே அனுப்பி, கட்டணம் செலுத்திச் சவுக்கடி கொடுக்கச் சொல்வார்கள். 1820களில் அங்கே மனிதர்கள் மிதித்துச் சுற்றும் ஆலைச் சக்கரமும் வந்தது. தன் சொந்தக் காசில், லாட்டரியில் விழுந்த பணத்தில், விடுதலையை விலைக்கு வாங்கிய டென்மார்க் வீஸி 1822இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று விசாரிக்கப்பட்டது அந்த வளாகத்தில்தான். அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? "இங்கே அடி வாங்கியவர்களின் ஆவி இன்னும் அலறும், எங்கே, எல்லோரும் ஒருமுறை அலறிக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றார் வழிகாட்டி. நம் ஆட்கள் அலறினார்கள். சிரித்தார்கள். மறுபடி ஒருமுறை, இன்னும் சத்தமாக. ஒரு சின்னப் பெண் குழந்தை பயந்து அழுது, அவள் அப்பா தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "எதுக்குடி எல்லாரும் கத்துறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அடிபட்டுச் செத்தவங்கள வச்சு என்ன விளையாட்டு இது? வா போவோம்" என்று கிளம்பிவிட்டார். உங்களில் ஒருவரிடம் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் நடந்தோம். "முழுசும் பாக்கலன்னாலும் காசு திரும்பக் கிடைக்காது" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது.

மார்க்கெட் தெருவுக்கு வந்தோம். வாரக் கடைசி இரவுச் சந்தை கலைகிற நேரம். நீளமான கொட்டகைக்குள் ஒரு பெரியம்மா புல் கூடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்வீட்கிராஸ் என்ற உள்ளூர்ப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, பனையோலைக் கீற்றால் தைத்துச் செய்யும் கூடைகள். விலையைக் கேட்டதும் அம்மா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஆனால் பார்வை மட்டும் கீழே இருந்த அகலமான ஒரு தட்டுக் கூடையிலேயே நின்றது. கேட்காமலே எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, காற்றில் நாலு தட்டு தட்டினார். புடைக்கிற தட்டு.

பெரியம்மா கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இது வட்டமா இருக்கே, குருணை எந்தப் பக்கமா வந்து விழும்?" அம்மா கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொல்லத் திணறினேன். அவர் புரிந்துகொண்டார். எழுந்து நின்று அந்தக் கூடையை வாங்கி, உயரத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதுபோல் காட்டினார். காற்று உமியைக் கொண்டுபோகும், அரிசி கூடையிலேயே திரும்ப விழும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப கல்லு?" அதற்கு இன்னொரு கை அசைவு, கூடையைச் சாய்த்து ஓரத்துக்குத் தள்ளுவது. நம் முறத்தில் ஒரு பக்கம் திறந்திருப்பதை அம்மா விரலால் வரைந்து காட்டினார். அரை மணி நேரம் இருக்கும், ஒரு நெல்மணிகூட இல்லாமல் இரண்டு பெண்களும் நெல் புடைத்தார்கள். என் மகன் போனை எடுத்துப் படம் பிடிக்கக்கூட மறந்துபோனான்.

தன் பாட்டியின் பாட்டி அடிமையாகப் பிறந்து இதே மாதிரிக் கூடை பின்னியவர் என்று அவர் சொன்னார். கூடை பின்னும் கை அப்படியே இறங்கி வந்திருக்கிறது. பிற்பகலில் அருங்காட்சியகத்தில் நெல்லைப் பற்றிப் பார்த்தோம் என்று நான் சொன்னபோது, "அங்கே போனீர்களா, நல்லது" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அங்கே போயிருந்தோம் என்பதால்தான் அந்தப் பேச்சு நீண்டது. போகாமல் இருந்தால் அந்தக் கூடை எங்களுக்கு விலை அதிகமான ஒரு கைவினைப் பொருள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன்.

"அழவைக்க வேண்டாம்" என்கிறீர்கள். சவுக்கடியை அருங்காட்சியகத்தில் பார்த்தால் துக்கம், அதே சவுக்கடியைச் சிறைவாசலில் நின்று அலறிக் காட்டினால் கேளிக்கை என்று நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். வலியை நீங்கள் நிரலிலிருந்து எடுக்கவில்லை. வலிபட்டவர்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்த இடத்தில் யாராவது டிக்கெட் போட்டு, டார்ச் அடித்து, பேய் உலா நடத்தினால் நாம் குடும்பத்தோடு போவோமா?

குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறீர்கள். அன்று குழந்தை அழுதது பேய் உலாவில். பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் யாரும் அழவில்லை. அந்தக் கட்டடம் 18 தூண்கள் மேல் தரையைத் தொடாமல் நிற்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த நிலம் காட்ஸ்டன் படகுத்துறை. 1808 ஜனவரி 1 முதல் அடிமை இறக்குமதிக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேரை அவசர அவசரமாகக் கொண்டுவந்து இறக்கிய இடம். விலை ஏறட்டும் என்று கிடங்கில் அடைத்து வைத்ததில் பலர் குளிரிலேயே இறந்தார்கள். அதன்மேல் கட்டடத்தை ஊன்றாமல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அடியில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு, அதன் தரையில் கப்பலின் அடித்தட்டில் அடுக்கப்பட்டவர்களின் உருவக் கோடுகள். தண்ணீர் வற்றும்போது உருவங்கள் தெரியும், நிறையும்போது மறையும். என் மகன் அங்கே நின்று கேட்ட கேள்விகள் ஊர் வந்து சேரும்வரை ஓயவில்லை. ஒரு பிள்ளைக்குச் சுற்றுலாவில் இதைவிட வேறென்ன வேண்டும்? அடிமைச் சந்தை அருங்காட்சியகம் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குக் கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு, தூண்கள் மேல் நிற்கும் அந்த முதல் அருங்காட்சியகத்தின் கீழேயுள்ள தோட்டம் போதும். அதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்துவது நியாயமில்லை.

மூன்றாவதாகச் சொன்னீர்களே, சம்பந்தம் இல்லை என்று. அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நாம் சோறு தின்கிற சனம். அந்த ஊர் பணக்கார ஊரானது நெல்லால். 'கரோலினா தங்கம்' என்று பெயர்பெற்ற நெல்லை, கடல் ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் பார்த்து மடை வைத்து, சதுப்புக் காட்டை வெட்டி வரப்பு எடுத்து விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். நெல் விவசாயம் தெரிந்தவர்கள் என்பதற்காகவே தேடி வாங்கப்பட்டவர்கள். மர உரலில் உலக்கையால் குத்தினார்கள், கூடையில் புடைத்தார்கள். ஒரு மதகைப் பார்த்தால் என் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் டெல்டாவில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் பேருந்தில் உட்கார்ந்திருக்கலாம், கட்டிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கலாம். இரு தரப்புக்கும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

இன்னொன்று. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோன சரக்குகளில் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் முக்கியமானது. நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நம் தறியிலிருந்து ஒரு நூல் அந்தத் துறைமுகம்வரை போகிறது. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நகர மன்றமே 2018 ஜூன் 19 அன்று, 7க்கு 5 என்ற வாக்கில், அடிமை முறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டுவிட்டது. ஊரே பேசத் தொடங்கிவிட்ட ஒன்றை, விருந்தாளியாகப் போகிற நாம் மறைத்துக் காட்ட என்ன அவசியம்?

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு சார்ல்ஸ்டனில் தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் யாரும் காசுக்கு ஊர் சுற்றிக் காட்ட முடியாது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது, 2020இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதன் பலனாக யாரை அமர்த்துவது என்ற பொறுப்பு இப்போது முழுக்க உங்கள் தலையில் இருக்கிறது. ஆகக் குறைந்த கட்டணம் கேட்டவரை அமர்த்தியதாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். கல்ஹூன் தெருவில் இமானுவேல் தேவாலயத்தைப் பேருந்து கடந்தபோது அவர் சொன்னது, "இது ஒரு பழைய சர்ச்." 2015 ஜூன் 17 இரவு, வேத வகுப்புக்கு வந்த வெள்ளை இனவெறியன் ஒருவனையும் உட்கார வைத்துக்கொண்ட கறுப்பினத்தவர் ஒன்பது பேரை அவனே சுட்டுக் கொன்ற தேவாலயம் அது. இறந்தவர்களின் குடும்பங்கள் அதே ஊரில் வாழ்கின்றன.

பழைய அடிமைப் பண்ணையில் எடுக்கப்போகும் ஓக் மரச் சாலைப் புகைப்படமும் அப்படித்தான். அழகான மரங்கள், தொங்கும் பாசி, மறுக்கவில்லை. அடிமைகள் உழைத்த பண்ணைகளைத் திருமண இடமாக அழகுபடுத்திக் காட்டும் பக்கங்களை இனி முன்னிறுத்த மாட்டோம் என்று பின்டரெஸ்ட் நிறுவனமே 2019இல் முடிவெடுத்தது. படமே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் நட்டு, யார் நீர் ஊற்றிய மரம் என்று தெரிந்துகொண்டு எடுப்போம்.

சாப்பாட்டில் நான் வாய் வைக்கப்போவதில்லை. மூன்று வேளையும் நம் சாப்பாடு கிடைத்ததில் அம்மாவுக்குப் பரம திருப்தி. ஆனால் ஒரு வேளையாவது, அந்தக் கரையோர அடிமைகளின் வழிவந்த கல்லா (Gullah) மக்களின் சமையலைக் காட்டலாம். வெண்டைக்காய்ச் சாறு, எள் பிஸ்கட், நம் தக்காளி சாதத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும் சிவப்புச் சோறு. அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் கேட்பவை இவைதான். நீக்கிய இரண்டு அருங்காட்சியகங்களையும் சனிக்கிழமை நிரலில் திரும்பச் சேருங்கள், காட்ஸ்டன் துறைக்கு மட்டுமாவது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். போன ஆண்டுபோல "பஸ் கிளம்புது" என்று பாதியில் விரட்ட வேண்டாம். அடிமைச் சந்தைக்கு வயது வரம்பு வைத்து, பெற்றோர் முடிவெடுக்கட்டும் என்று முன்பே எழுதிவிடுங்கள். பேய் உலாவை விருப்பம் உள்ளவர்களுக்கான தனிக் கட்டண நிகழ்ச்சியாக மாற்றுங்கள், அலறச் சொல்லும் அந்த வழிகாட்டியை மறுபடி அமர்த்தாதீர்கள். அந்த இரவுக்குக் கல்லா வம்சாவளி வழிகாட்டி ஒருவரைத் தேடுங்கள், அந்த ஊரில் இருக்கிறார்கள். கூடுதலாகும் கட்டணத்தை எங்களிடம் வாங்குங்கள், தருகிறோம். பண்ணை ஒன்றுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், அடிமைகளின் குடில்களை மையமாக வைத்துக் கதை சொல்லும் ஜேம்ஸ் தீவின் மெக்லியோட் பண்ணைக்குப் போகலாம்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. அதற்கு முன் திருத்திய நிரலைக் குழுவில் போடுங்கள். மாற்ற முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய குடும்பங்களில் விலக நினைப்பவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். என் பெயரையும் மகன் பெயரையும் பட்டியலில் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

சென்ற ஆண்டு உங்களோடு வந்த ஒரு பயணி